இருபது சிலிங்கும் ஆயிரம் மகஜர்களும்: ஜோன் ஹம்டனின் கதை

இருபது சிலிங். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில், ஸ்டோக் மண்டெவில் என்ற ஊரில் இருந்த காணிக்காக ஜோன் ஹம்டனிடம் அரசு கேட்ட பணம் அவ்வளவுதான். பல ஊர்களில் காணி பூமி உள்ள பெரிய மனிதர் அவர். இருபது சிலிங் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் கட்டமாட்டேன் என்று நின்றார். 1637 நவம்பரில் அந்த வழக்கு நாட்டின் 12 நீதிபதிகளுக்கு முன்னால் விசாரணைக்கு வந்தது. அதிலிருந்து ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் இங்கிலாந்து உள்நாட்டுப் போருக்குள் விழுந்தது. ஆறு ஆண்டுகள் முடிவதற்குள் ஹம்டன் உயிரோடு இல்லை.

ஸ்டோக் மண்டெவில் என்ற பெயரை எங்கள் வாசகர்களில் சிலர் வேறு காரணத்துக்காகக் கேள்விப்பட்டிருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்காக 1948 இல் ஒரு வைத்தியசாலை வளவில் விளையாட்டுப் போட்டி நடத்தினார்கள். இன்றைய பராலிம்பிக் போட்டிகள் அங்கிருந்துதான் வளர்ந்தன. அந்த வைத்தியசாலை இதே ஊரில்தான் இருக்கிறது.

ஹம்டனைப் பற்றி நான் எழுத நினைத்ததற்கு அந்த வழக்கு மட்டும் காரணமில்லை. போருக்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் அந்த நாட்டுச் சனங்கள் நாடாளுமன்றத்துக்கு எழுதிய மகஜர்களே பெரிய காரணம். மகஜர் என்றால் என்ன என்று எங்கள் சனத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. காணிக்காகவும் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகவும் கச்சேரி வாசலில் வெயிலில் நின்று கையளித்தவர்கள் நாங்கள். பிரதி ஒன்றைப் பத்திரமாக வீட்டுப் பெட்டியில் வைத்திருப்பவர்களும் எங்களில் பலர். 380 ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில் அதே மாதிரியான தாள்கள் என்ன செய்தன, என்ன செய்யத் தவறின என்பதை ஹம்டனின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அவர் 1590களின் நடுப்பகுதியில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே தகப்பன் இறந்துவிட்டார். தாய் எலிசபெத் குரொம்வெல் குடும்பத்துப் பெண். பிற்காலத்தில் மன்னனின் தலையை வாங்கிய ஒலிவர் குரொம்வெல்லுக்கு அவர் மாமி முறை. அதனால் ஹம்டனும் ஒலிவரும் மச்சான்மார். தேம் என்ற சிறு பட்டினத்தில் பள்ளிப் படிப்பு, பிறகு ஒக்ஸ்ஃபோர்ட், அதன்பின் இலண்டனில் சட்டக் கல்வி. 1621 இல் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குப் போனார்.

அப்போது அவர் பெரிய பேச்சாளர் இல்லை, பிறகும் ஆகவில்லை. எதிரணியில் இருந்து பின்னர் அந்தப் போரின் வரலாற்றை எழுதிய எட்வர்ட் ஹைட் அவரைப் பற்றிச் சொல்லும் ஒரு விடயம் எனக்குப் பிடிக்கும். ஹம்டன் விவாதத்தை முதலில் தொடங்கமாட்டாராம். மற்றவர்கள் எல்லோரும் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருப்பார். சபையின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகு எழுந்து, சுருக்கமாக, மென்மையாகத் தன் கருத்தைச் சொல்வார். பெரும்பாலும் அதுவே முடிவாகிவிடும். இப்படியானவர்களை ஊர்ச் சங்கக் கூட்டங்களில் நாங்களும் கண்டிருக்கிறோம். ஆபத்தானவர்கள் என்று அரசாங்கங்கள் கணக்கெடுப்பது சத்தம் போடுகிறவர்களை. உண்மையில் கவனிக்கவேண்டியவர்கள் இவர்கள்தான்.

முதலாம் சார்ள்ஸ் மன்னன் 1626 இல் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் சனங்களிடம் கட்டாயக் கடன் கேட்டான். ஹம்டன் மறுத்தார். 1627 இல் வெஸ்ட்மினிஸ்டரில் இருந்த கேற்ஹவுஸ் என்ற சிறையில் அடைத்தார்கள். பின்னர் வேறு மாவட்டத்தில் காவலில் வைத்தார்கள். இந்தச் சிறையின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும், பின்னால் மறுபடியும் வரும். அவருடைய நெருங்கிய நண்பர் சேர் ஜோன் எலியட்டுக்கு இன்னும் மோசமாக நடந்தது. 1629 இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது கைதான எலியட், 1632 இல் இலண்டன் கோபுரச் சிறையிலேயே இறந்தார். நண்பர் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய ஆண்பிள்ளைகளின் படிப்பையும் நடத்தையையும் கவனித்தவர் ஹம்டன். அரசியல் வரலாறுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். சிறைக்குப் போனவரின் பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்பது எங்களுக்கு ஒரு வரி விடயமல்ல.

1629 முதல் 1640 வரை பதினொரு ஆண்டுகள் நாடாளுமன்றமே கூட்டப்படவில்லை. பணத்துக்கு மன்னன் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று கப்பல் பணம். பழைய வழக்கப்படி, ஆபத்து வரும் வேளையில் கரையோரப் பட்டினங்கள் கடற்படைக்குக் கப்பல் கொடுக்கவேண்டும், அல்லது அதற்கான பணம் கட்டவேண்டும். 1634 இல் கரையோரத்தில் கேட்டார்கள். அடுத்த ஆண்டு, கடலையே காணாத உள்நாட்டு மாவட்டங்களிடமும் கேட்டார்கள். அதற்கடுத்த ஆண்டும் கேட்டார்கள். பாதுகாப்பின் பெயரால் வந்த தற்காலிக வரி நிரந்தரமாகிக்கொண்டிருந்தது. பக்கிங்ஹாம்ஷயரில் கிரேட் கிம்பிள் என்ற கிராமத்தில் கட்ட மறுத்தவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. முதற்பெயர் ஜோன் ஹம்டன், 31 சிலிங் 6 பென்ஸ். அவருக்குக் கீழே சில சிலிங்குகளும் சில பென்ஸுகளும் மட்டுமே கட்டவேண்டிய சாதாரண விவசாயிகளின் பெயர்கள்.

நீதிமன்றத்தில் கேள்வி மிக எளிமையானது. நாடு ஆபத்தில் இருக்கிறது என்று தீர்மானிப்பது யார்? மன்னன் ஒருவனே என்றது அரச தரப்பு. ஆபத்து உண்மையானால் நாடாளுமன்றத்தைக் கூட்ட ஏழு மாத அவகாசம் இருந்ததே, ஏன் கூட்டவில்லை என்று கேட்டார் ஹம்டனின் சட்டத்தரணி ஒலிவர் சென்ற் ஜோன். மாதத்துக்கு மாதம் நீடிக்கப்பட்ட அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஒரு தலைமுறையே வளர்ந்த எங்களுக்கு இந்த வாதத்தின் இரண்டு பக்கமும் நன்றாக விளங்கும். 1638 இல் தீர்ப்பு வந்தது. மன்னனுக்குச் சாதகமாக ஏழு பேர், ஹம்டனுக்குச் சாதகமாக ஐந்து பேர். வழக்கில் தோற்றவர் நாடறிந்த மனிதரானார். தோல்வியே இவ்வளவு நெருக்கமாக இருந்ததால் கப்பல் பணம் கட்டுபவர்களின் தொகை குறையத் தொடங்கியது.

இனி மதத்துக்கு வருகிறேன். இதை விட்டுவிட்டு இந்தப் போரை விளங்கிக்கொள்ள முடியாது. இங்கிலாந்து புரட்டஸ்தாந்து நாடு. மன்னனின் மனைவி பிரான்சில் இருந்து வந்த கத்தோலிக்கப் பெண். பேராயர் வில்லியம் லோட், கோயில்களில் பீடத்தைக் கிழக்குப் பக்கம் நகர்த்தி வேலி போடச் சொன்னார், சடங்குகளைக் கூட்டினார். தூய்மைவாதிகள் எனப்பட்ட கடும் புரட்டஸ்தாந்துகளுக்கு இது உரோமாபுரிக்குத் திரும்பும் பாதையாகத் தெரிந்தது. எதிர்த்து எழுதிய மூன்று பேரின் காதுகளை 1637 இல் பகிரங்கமாக அறுத்தார்கள். அதே ஆண்டு ஸ்கொட்லாந்தில் புதிய வழிபாட்டு நூலைத் திணித்தார்கள், அங்கே கிளர்ச்சி வெடித்தது. ஸ்கொட்லாந்துப் படையை எதிர்க்கப் பணம் இல்லாமல்தான் மன்னன் 1640 இல் நாடாளுமன்றத்தைக் கூட்டவேண்டி வந்தது. ஏப்ரலில் கூடிய சபையை மூன்று வாரத்தில் கலைத்தான். நவம்பரில் மறுபடியும் கூட்டினான். ஹம்டன் இம்முறை தன் மாவட்டத்தின் பிரதிநிதியாக வந்தார்.

அத்தோடு மகஜர்களும் வந்தன. 1640 டிசம்பர் 11 ஆம் திகதி, ஆயர் ஆட்சியை வேரோடும் கிளையோடும் ஒழிக்கவேண்டும் என்று இலண்டனில் இருந்து ஏறக்குறைய 15,000 கையொப்பங்களோடு ஒன்று வந்தது. பிறகு மாவட்டம் மாவட்டமாக வந்தன. ஆயர்கள் இருக்கவேண்டும், பழைய வழிபாடு இருக்கவேண்டும் என்று கேட்ட மகஜர்களும் செஷயர் போன்ற இடங்களில் இருந்து வந்தன. இரண்டு தரப்பிலும் கையொப்பமிட்டவர்கள் ஒரே மாதிரியான மனிதர்கள்: காணிக்காரர், வியாபாரிகள், கொல்லர்கள், கையெழுத்துத் தெரியாமல் ஒரு கோடு கீறியவர்கள். கோயில் முடிந்து வரும் சனத்திடம் தாள் நீட்டப்பட்டது. நீதிமன்றத் தவணைக்காக மாவட்டத் தலைநகருக்கு வந்த பெரியவர்களிடம் நீட்டப்பட்டது. தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி நீளச் சுருளாக்கிக் கொண்டுபோனார்கள்.

1641 ஒக்டோபரில் அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். காணி பறிக்கப்பட்டவர்களின் கோபம் அது. குடியேற்றப்பட்ட புரட்டஸ்தாந்து மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், குளிரில் ஆடையின்றித் துரத்தப்பட்டார்கள். அந்தச் செய்தி இலண்டனை அடைந்தபோது பல மடங்காகப் பெருத்திருந்தது. அச்சுக்கூடங்கள் படங்களோடு துண்டுப்பிரசுரம் போட்டன. இங்கிலாந்தின் ஒவ்வொரு சிறு பட்டினத்திலும் இரவில் கத்தோலிக்கர் வந்து வெட்டப்போகிறார்கள் என்ற வதந்தி. சனம் கதவுகளைப் பூட்டிக் காவல் இருந்தது. அயலில் இருந்த கத்தோலிக்கர் வீடுகளில் ஆயுதம் தேடினார்கள்.

இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் மிகச் சிறிய தொகையினர். வழிபாட்டுக்குப் போகாததற்காக ஏற்கெனவே தண்டப்பணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள். குருவானவர்களை மறைத்து வைக்கவேண்டிய நிலையில் இருந்தவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் முழு நாடும் நடுங்கியது. பெரும்பான்மை தன்னைச் சிறுபான்மையாக எண்ணி அஞ்சும்போது என்ன நடக்கும் என்பதை நான் இங்கே விரித்து எழுதவேண்டியதில்லை.

அயர்லாந்துக்கு ஒரு படை அனுப்பவேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. அந்தப் படை யாருடைய கையில் இருக்கும் என்பதே பிரச்சினை. மன்னனிடம் கொடுத்தால் முதலில் நாடாளுமன்றத்தின் மேல் பாய்வான் என்று ஒரு பகுதி அஞ்சியது. 1641 நவம்பர் 22 ஆம் திகதி, மன்னனின் குறைகளை வரிசைப்படுத்திய நீண்ட முறைப்பாடு 159 க்கு 148 என்ற வாக்கில் நிறைவேறியது. நள்ளிரவு கடந்த நேரம். அதை அச்சிட்டுச் சனங்களுக்குக் கொடுக்கவேண்டுமா என்ற தகராறில் உறுப்பினர்கள் வாளில் கை வைத்துவிட்டார்கள். அந்த இரவில் சபைக்குள்ளேயே இரத்தம் சிந்தாமல் போனதற்கு ஹம்டனின் அமைதியான பேச்சே காரணம் என்று அங்கிருந்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

1642 ஜனவரி 4 ஆம் திகதி நடந்தது பலருக்குத் தெரிந்த கதை. ஹம்டன், ஜோன் பிம் உட்பட ஐந்து உறுப்பினர்களைத் துரோகக் குற்றச்சாட்டில் பிடிப்பதற்காக மன்னன் சில நூறு ஆயுததாரிகளோடு நேரே பொதுச்சபைக்குள் வந்தான். ஐவரும் அதற்குச் சற்று முன் ஆற்றுவழியே வள்ளத்தில் இலண்டன் நகருக்குள் போய்விட்டார்கள். நகரம் அவர்களை ஒளித்து வைத்தது. ஆறு நாட்களில் மன்னனே தலைநகரை விட்டுப் போனான்.

அதற்கு அடுத்த நாள், ஜனவரி 11, ஐவரும் தேம்ஸ் ஆற்றில் படகுகள் சூழ வெஸ்ட்மினிஸ்டருக்குத் திரும்பினார்கள். அன்றுதான் பக்கிங்ஹாம்ஷயர்க்காரர் வந்து சேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கான சிறு காணிக்காரர்கள், குதிரைகளில், குளிரில், தங்கள் ஊர் மனிதனுக்காக. புரட்டஸ்தாந்து மதத்தையும் நாடாளுமன்றத்தின் உரிமைகளையும் காப்போம் என்ற சத்தியக் கடதாசியைத் தொப்பிகளில் செருகியிருந்தார்கள். பொதுச்சபைக்கு ஒரு மகஜர், பிரபுக்கள் சபைக்கு ஒரு மகஜர். கத்தோலிக்கப் பிரபுக்களையும் ஆயர்களையும் வாக்களிப்பில் இருந்து விலக்குங்கள், அயர்லாந்துக்கு உதவுங்கள், நாட்டைப் பாதுகாப்பு நிலையில் வையுங்கள் என்பவைதான் கோரிக்கைகளின் சாரம். பின்னர் மன்னனிடமும் போய், ஹம்டன் குற்றமற்றவர் என்று இன்னொரு மகஜர் கொடுத்தார்கள்.

நான் இந்தக் கதையில் அதிக நேரம் நிற்பது இந்த இடத்தில்தான். அவர்களுடைய பயம் உண்மையானது, அன்பும் உண்மையானது. ஆனால் அந்தத் தாளில் கேட்டிருந்தது ஆயுதம். கோட்டைகளையும் துறைமுகங்களையும் ஊர்ப் படைகளையும் நம்பிக்கையானவர்களிடம் கொடுங்கள் என்று அடுத்த மாதங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் எழுதியபோது, அவர்கள் பாதுகாப்பைக் கேட்பதாகத்தான் எண்ணினார்கள். இலண்டன் சுமைதூக்கிகள் எழுதினார்கள். பெப்ரவரி 4 ஆம் திகதி பெண்கள் கூட்டமாக வந்தார்கள், ஒரு மதுவடிப்பவரின் மனைவி ஆன் ஸ்டாக் முன்னே நின்றார். நாட்டின் துன்பத்தில் பெண்களுக்கும் பங்கு இருக்கும்போது மகஜர் கொடுப்பதில் ஏன் பங்கு இல்லை என்பது அவர்களுடைய வாதம். பிம் சபை வாசலுக்கு வந்து நன்றி சொல்லி, வீட்டுக்குப் போய்ச் செபம் பண்ணச் சொன்னார். இந்தத் தாள்களைக் காட்டித்தான் மார்ச் 5 ஆம் திகதி மன்னனின் ஒப்புதல் இல்லாமலே ஊர்ப் படைகளை நாடாளுமன்றம் தன் கையில் எடுத்தது. மன்னன் தன் பங்குக்கு வேறு ஆணை பிறப்பித்தான். ஒரே ஊரின் இளைஞர்களை இரண்டு தரப்பும் அணிவகுக்கச் சொல்லின.

கென்ற் மாவட்டத்தின் கதை வேறு. 1642 மார்ச்சில் மெய்ட்ஸ்டன் நகரில் கூடிய பெரியவர்கள், மன்னனும் நாடாளுமன்றமும் இணங்கிப்போகவேண்டும், ஆயர்களையும் வழிபாட்டு நூலையும் விட்டுவைக்கவேண்டும் என்று எழுதினார்கள். நாடாளுமன்றம் அந்த மகஜரை அலுகோசு கையால் எரிக்க உத்தரவிட்டது. முன்னின்றவர்களைக் கைது செய்தது. அவர்களில் ஒருவரான சேர் எட்வர்ட் டெரிங், முந்திய ஆண்டில் ஆயர்களை ஒழிக்கும் சட்டமூலத்தை அதே சபையில் சமர்ப்பித்தவர். ஏப்ரல் 30 ஆம் திகதி அதே மகஜரை மறுபடி கொண்டுவந்தவர் ரிச்சர்ட் லவ்லேஸ் என்ற இளம் கவிஞர். அவரை அடைத்த சிறை கேற்ஹவுஸ். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஹம்டன் இருந்த அதே சிறை.

ஹம்டன் அப்போது நாடாளுமன்றத்தை வழிநடத்திய இருவர் மூவரில் ஒருவர். அவரை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்தை மறைத்து எழுத மனமில்லை. தன் ஊராரின் மகஜரை நன்றியோடு வாங்கிய சபை, அயல் மாவட்டத்தின் மகஜரை எரித்தது. இரண்டுமே பயந்துபோன சனத்தின் எழுத்துத்தான்.

ஓகஸ்ட் 22 ஆம் திகதி நொட்டிங்ஹாமில் மன்னன் போர்க்கொடி ஏற்றினான். ஹம்டன் தன் மாவட்டத்தில் ஒரு காலாட்படை திரட்டினார். பச்சைச் சட்டை. ஜனவரியில் மகஜரோடு குதிரையில் வந்த ஊர்களில் இருந்தே இப்போது ஆட்கள் வந்தார்கள். சண்டையில் அவர் கெட்டிக்காரராகவே இருந்தார். இழுத்தடித்த தளபதி எசெக்ஸ் பிரபுவைவிட வேகமாகப் போரை முடிக்க விரும்பினார்.

1643 ஜூன் 18 ஆம் திகதி அதிகாலை, மன்னனின் மருமகன் ரூபேர்ட் இளவரசனின் குதிரைப்படை ஒக்ஸ்ஃபோர்டுக்கு அருகே கிராமங்களைத் தாக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அது ஹம்டனின் படைப்பிரிவுக்குரிய வேலை இல்லை. ஆனாலும் தடுக்கப் போனவர்களோடு தானும் குதிரையேறிப் போனார். சால்குரோவ் என்ற இடத்து வயல்வெளியில் தோளில் காயம்பட்டது. குதிரையின் கழுத்தில் சாய்ந்தபடி தேம் பட்டினத்துக்கு, சிறுவயதில் படித்த அதே பட்டினத்துக்கு வந்து சேர்ந்தார். ஆறு நாட்கள் வேதனைப்பட்டு 24 ஆம் திகதி இறந்தார். கிரேட் ஹம்டன் கோயிலில் அடக்கம் செய்தார்கள். மனைவி எலிசபெத் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார். தாய் மகனுக்குப் பிறகும் நெடுங்காலம் வாழ்ந்தார்.

ஆறு வாரங்கள் கழித்து, ஓகஸ்டில், வெஸ்ட்மினிஸ்டர் முற்றத்துக்குப் பெண்கள் மறுபடி வந்தார்கள். இம்முறை தொப்பிகளில் வெள்ளை நாடா. கையில் சமாதானம் கேட்ட மகஜர். கலைந்து போகாததால் காவற்படை சுட்டது, பிறகு குதிரைவீரர்கள் வாளோடு விரட்டினார்கள். உயிர்கள் போயின. ஒன்றரை ஆண்டுக்கு முன் ஆன் ஸ்டாக் நின்ற அதே வாசல். போர் இன்னும் மூன்று ஆண்டுகள் நடந்தது, ஓய்ந்து மறுபடியும் வெடித்தது. 1649 ஜனவரியில் மன்னனின் தலை வெட்டப்பட்டது.

ஹம்டன் எப்படி இறந்தார் என்பதிலேயே பிறகு சண்டை வந்தது. எதிரியின் குண்டு தோளில் பாய்ந்தது என்று ஒரு கதை. அளவுக்கு மிஞ்சி மருந்து அடைத்திருந்த அவருடைய சொந்தக் கைத்துப்பாக்கியே வெடித்துக் கையைச் சிதைத்தது என்று இன்னொரு கதை. 1828 இல் அவருடைய வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த நுஜென்ற் பிரபு, இதை அறிய கிரேட் ஹம்டன் கோயிலின் தரையைத் தோண்டி ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த உடலின் கையைப் பார்த்து முதலில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பின்னர் அது ஹம்டனே இல்லை என்று நுஜென்ற்றே எண்ணத் தொடங்கினார். பெட்டியைத் திரும்ப மூடிவிட்டார்கள். கோயில் சுவரில் பதினெட்டாம் நூற்றாண்டில் வைத்த நினைவுச்சின்னம் ஒன்று உண்டு, அதில் சால்குரோவ் சண்டை செதுக்கப்பட்டிருக்கிறது. அயலில் எயில்ஸ்பரி சந்தைச் சதுக்கத்தில் ஹம்டனுக்குச் சிலையும் இருக்கிறது. புதைத்த இடத்தில் பெயர் இல்லை. அந்தக் கோயிலில் அவர் பெயரால் துலங்கும் கல்வெட்டு மனைவியினுடையது, இறந்த மனைவிக்காக ஹம்டனே எழுதி வைத்தது.